வேலை மாறிய வருடத்து வருமான வரி: புது கம்பெனியிடம் சொல்வதா, நாமே கட்டுவதா, ஜூலை வரை விடுவதா?

2025 தீபாவளியன்று மதியம் சாப்பிட்டு முடித்து எல்லாரும் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது சித்தி பையன் கைபேசியைக் கொண்டுவந்து காட்டினான். செப்டம்பர் கடைசியில் சென்னையில் ஒரு கம்பெனியை விட்டு அக்டோபர் 1 அன்று இன்னொன்றில் சேர்ந்திருந்தான், மாதச் சம்பளம் 90,000-லிருந்து 1,50,000 ஆகியிருந்தது. புது கம்பெனியின் சம்பளப் போர்ட்டலில் இந்த வருடத்துக்கான வரி என்ற இடத்தில் பூஜ்யம். "அண்ணா, பழைய கம்பெனியிலயும் ஒரு ரூபா பிடிக்கல, இங்கயும் ஜீரோதான் காட்டுது. பன்னிரண்டே முக்கால் லட்சம் வரைக்கும் வரி இல்லைன்னாங்கள்ல, அதுதான்போல" என்றான். நல்ல நாளில் எதற்கு என்று ஒரு நிமிடம் யோசித்தேன். ஆனால் அவனுக்கு உண்மையில் வரவிருந்த வரி 88,140 ரூபாய், அதை அன்றைக்கே சொல்வதுதான் அவனுக்கு நல்லது.

கணக்கைப் பாருங்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆறு மாதம் 90,000 வீதம் 5,40,000. அக்டோபர் முதல் மார்ச் வரை 1,50,000 வீதம் 9,00,000. மொத்தம் 14,40,000. நிலையான கழிவு 75,000 போனால் 13,65,000. 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை, அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம் என்றால் 20,000, அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவீதம் என்றால் 40,000, மீதி 1,65,000-க்கு 15 சதவீதம் 24,750. ஆக 84,750, அதன்மேல் 4 சதவீத செஸ் 3,390. வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துக்குள், அதாவது 75,000 கழிவுக்கு முன் சம்பளம் பன்னிரண்டே முக்கால் லட்சத்துக்குள், இருந்தால்தான் 87ஏ தள்ளுபடி வந்து வரியைப் பூஜ்யமாக்கும். இவன் அதைத் தாண்டிவிட்டான்.

அப்படியென்றால் இரண்டு கம்பெனியும் தப்பாகப் போட்டார்களா? இல்லை. பழைய கம்பெனி அவன் வருடம் முழுக்க அங்கேயே இருப்பான் என்று நினைத்து 10,80,000-க்குக் கணக்குப் போட்டது, தள்ளுபடிக்குள் வந்தது, ஒன்றும் பிடிக்கவில்லை. புது கம்பெனிக்குத் தெரிந்தது அவர்கள் தரப்போகும் 9,00,000 மட்டும், அதுவும் தள்ளுபடிக்குள். ஒரே மனிதனுக்கு 75,000 கழிவு இரண்டு தடவை, 4 லட்சம் வரியில்லாப் படி இரண்டு தடவை, 87ஏ தள்ளுபடி இரண்டு தடவை. வருமான வரித் துறையோ பான் எண்ணை வைத்து ஒரே தடவைதான் தரும். இந்த வித்தியாசம் எங்கேயும் மறைந்து போகாது, யார் எப்போது கட்டுவது என்பதுதான் நம் கையில் இருக்கிறது.

அதற்கு மூன்று வழி. பழைய கம்பெனியில் வாங்கிய சம்பளத்தையும் பிடித்த வரியையும் ஃபார்ம் 12பி-யில் எழுதிப் புது கம்பெனியிடம் கொடுத்து, அவர்களையே மொத்தத்துக்கும் சேர்த்துப் பிடிக்கச் சொல்வது ஒன்று. அவர்களிடம் சொல்லாமல் நாமே வருடத்துக்குள்ளேயே தவணை முறையில் அட்வான்ஸ் டாக்ஸாக, அதாவது முன்கூட்டிய வரியாக, கட்டிவிடுவது இன்னொன்று. ரிட்டர்ன் போடும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று ஜூலை வரை விட்டுவிடுவது மூன்றாவது. பெரும்பாலானவர்கள் தெரியாமலே போய் நிற்பது மூன்றாவதில்தான். முதலில் நின்றது நானும் அங்கேதான்.

2018-19-இல் வேலை மாறினேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அப்போது பழைய முறை மட்டும்தான் இருந்தது. இரண்டரை லட்சம் வரிவிலக்கு இரண்டு பக்கமும், எல்ஐசி போன்ற சேமிப்புக்கான ஒன்றரை லட்சம் 80சி கழிவு இரண்டு பக்கமும், அதே எல்ஐசி ரசீதை இரண்டு இடத்திலும் கொடுத்திருந்தேன். மறு வருடம் இரண்டு கம்பெனியும் தந்த ஃபார்ம் 16-ஐயும் (சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் சான்றிதழ்) மேசைமேல் வைத்துக்கொண்டு ராத்திரி பதினோரு மணிக்குப் போர்ட்டலில் எண்களைப் போட்டுக் கடைசிப் பக்கத்துக்குப் போனால், கட்ட வேண்டிய தொகை எழுபதாயிரத்துக்கு மேல் காட்டுகிறது. தப்பாகத் தட்டிவிட்டேனோ என்று மூன்று தடவை முதலிலிருந்து போட்டேன், மூன்று தடவையும் அதே எண். மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு ஒதுக்கி வைத்திருந்த பணம்தான் அன்று போனது. வரி நான் கட்ட வேண்டியதுதான், அதில் வருத்தம் இல்லை. ஒரு வருடமாக அது என் பணம் என்று நினைத்துச் செலவு செய்துகொண்டிருந்தேன் என்பதுதான் நெஞ்சில் தைத்தது.

ஜூலை வரை விட்டால் வரியோடு வட்டியும் சேரும். டிடிஎஸ், அதாவது சம்பளத்திலேயே பிடித்த வரி, போகக் கட்ட வேண்டிய வரி 10,000 அல்லது அதற்குமேல் இருந்தால் அதை அட்வான்ஸ் டாக்ஸாக ஜூன் 15-க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15-க்குள் 45 சதவீதம், டிசம்பர் 15-க்குள் 75 சதவீதம், மார்ச் 15-க்குள் முழுவதும் கட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். கட்டாத தவணைகளுக்கு அந்தச் சட்டத்தின் 234சி பிரிவில் வட்டி, மார்ச் 31-க்குள் 90 சதவீதமாவது கட்டாமல் விட்டதற்கு ஏப்ரல் முதல் மாதம் ஒரு சதவீதம் 234பி-யில் வட்டி. தம்பியின் 88,140-ஐ அப்படியே விட்டு 2026 ஜூலையில் கட்டினால் 234சி ஏறக்குறைய 4,448, நான்கு மாதத்துக்கு 234பி ஏறக்குறைய 3,524, ஆக எட்டாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. குடும்பம் கவிழும் தொகை இல்லைதான். ஆனால் ஜூலையில் ஒரே மூச்சில் 96,000 எடுத்து வைக்க வேண்டும், அது எல்லாரிடமும் கையில் இருக்காது. ரிட்டர்ன் போடக் கடைசி நாளான ஜூலை 31-ஐயும் தவறவிட்டால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும், வருமானம் 5 லட்சத்துக்கு மேல் இருப்பவர்களுக்கு 5,000 தாமதக் கட்டணம் வேறு. இந்த வழியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அடுத்து, நாமே அட்வான்ஸ் டாக்ஸ் கட்டுவது. தம்பி இதைச் செய்திருந்தால் டிசம்பர் 15-க்குள் 66,105, மார்ச் 15-க்குள் மீதி 22,035 கட்டியிருக்க வேண்டும். ஜூன், செப்டம்பர் தவணைகளின்போது அவனுக்குப் புது வேலை கிடைக்கப்போவதே தெரியாது என்றாலும் அந்த இரண்டு தவணைக்குமான 234சி வட்டி விழும், ஏறக்குறைய 1,584. சம்பளத்துக்கு இதில் சலுகை கிடையாது. டிசம்பரையும் தவறவிட்டவர்கள்கூட மார்ச் 31-க்குள் கட்டிவிட்டால் அது அட்வான்ஸ் டாக்ஸ் கணக்கில்தான் சேரும், 234சி முழுதாக வந்தாலும் 234பி வராது. ஆகவே பிப்ரவரியிலோ மார்ச்சிலோ இதைப் படிப்பவர்கள் இனி என்ன செய்வது என்று விட்டுவிடாதீர்கள், ஏப்ரலில் கட்டுவதைவிட மார்ச் 31-இல் கட்டுவது மேல்.

கட்டுவது கஷ்டமில்லை. வருமான வரித் துறையின் இணையதளத்தில் இ-பே டாக்ஸ் பகுதிக்குப் போய், நெட் பேங்கிங்கிலோ யூபிஐ-யிலோ ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம். ஒரே ஒரு இடத்தில் நிதானம் வேண்டும்: 2025-26 நிதியாண்டின் வருமானத்துக்கு மதிப்பீட்டு ஆண்டு 2026-27. இதில் ஒரு வருடம் மாற்றித் தேர்ந்துவிட்டால் பணம் வேறு வருடத்துக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும், திருத்தலாம் என்றாலும் அலைச்சல். வகையைக் கேட்கும் இடத்தில் அட்வான்ஸ் டாக்ஸ், அதாவது 100. ஏப்ரலுக்குப் பிறகு ரிட்டர்னுக்கு முன்னால் கட்டுவது செல்ஃப் அசெஸ்மெண்ட் டாக்ஸ், அது 300. சலான் பிடிஎஃப்-ஐ உடனே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வழி யாருக்குப் பொருந்தும்? வங்கி வைப்பு வட்டி, பங்கு விற்ற லாபம், வெளியே செய்யும் வேலை என்று வேறு வருமானமும் இருந்து, எப்படியும் அட்வான்ஸ் டாக்ஸ் கட்டும் பழக்கம் உள்ளவர்களுக்கு. பழைய கம்பெனி எந்தத் தாளும் தராமல் இழுத்தடிக்கும்போதும் இதுதான் வழி. பழைய சம்பளம் எவ்வளவு என்று புது இடத்தில் தெரியவே கூடாது என்று நினைப்பவர்களும் இதை எடுக்கிறார்கள். சட்டம் அதற்கு இடம் தருகிறது, முந்தைய சம்பள விவரத்தைப் புது கம்பெனியிடம் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேரும்போதே கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு வாங்கிக்கொண்டுதானே ஆஃபர் போட்டார்கள், அவர்களுக்குத் தெரியாத எதை 12பி-யில் எழுதப் போகிறோம்? இதற்காக ஆயிரக்கணக்கில் வட்டி கட்டுவதும், டிசம்பர் 15-ஐ நினைவு வைத்துக்கொண்டிருப்பதும் தேவையா என்று ஒரு தடவை யோசித்துப் பாருங்கள்.

என் ஓட்டு ஃபார்ம் 12பி-க்குத்தான். அக்டோபர் சம்பளத்திலேயே சொல்லியிருந்தால் தம்பிக்கு மாதம் 14,690 வீதம் ஆறு மாதத்தில் வரி முடிந்திருக்கும், வட்டி ஒரு பைசா இல்லை. இந்த வழிக்கும் பெயர் கெட்டுப்போயிருக்கிறது, "12பி கொடுத்தால் கையில் வரும் சம்பளம் குறைந்துவிடும்" என்று. குறையும், உண்மை. ஆனால் அது எப்படியும் போக வேண்டிய பணம், இப்போது கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது, அவ்வளவுதான். தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். அதே 88,140-ஐ ஜனவரியில் சொன்னால் மூன்று மாதத்துக்கு மாதம் 29,380. மார்ச்சில் சொன்னால் ஒன்றரை லட்சம் சம்பளத்தில் 88,140 ஒரே மாதத்தில் போகும், அந்த மாதம் வீட்டுக் கடன் தவணை போகும் கணக்கில் என்ன மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பல கம்பெனிகள் ஜனவரி, பிப்ரவரியிலேயே ஆவணம் வாங்கும் வேலையை மூடிவிடுவார்கள், அதற்கப்புறம் ஹெச்ஆர் கையை விரித்துவிடுவார். மார்ச் சம்பளம் போட்டு முடிந்தால் 12பி-க்கு வேலையே இல்லை.

இந்தக் காலத்தில் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொல்லும் கம்பெனி குறைவு. சம்பளப் போர்ட்டலில் வரி அறிவிப்புப் பக்கத்தில் முந்தைய வேலையின் வருமானம் என்று ஒரு பிரிவு இருக்கும், அங்கே போட்டால் போதும். கேட்பது இவ்வளவுதான்: பழைய கம்பெனியின் பெயர், முகவரி, டான் எண் (வரி பிடிக்கும் கம்பெனிக்கான எண்), வேலை பார்த்த காலம், வாங்கிய சம்பளம், பிடித்த பிஎஃப், பிடித்த டிடிஎஸ். ஃபார்ம் 16 வரட்டும் என்று காத்திருப்பதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. ஃபார்ம் 16 நிதியாண்டு முடிந்து ஜூன் 15 வாக்கில்தான் வரும், அதற்குள் 12பி-யின் காலமே முடிந்துவிடும். கடைசி மாதச் சம்பளச் சீட்டில் ஏப்ரலிலிருந்து சேர்த்த மொத்தத் தொகை இருக்கும், அதை வைத்தே போடலாம். வேலையை விட்ட பிறகு தரும் கடைசிக் கணக்கு, அதாவது செட்டில்மெண்ட், வந்து எண் மாறினால் திருத்திக்கொள்ளலாம்.

இதற்காகத்தான் சொல்கிறேன், கடைசி வேலை நாளுக்கு முந்தைய வாரமே எல்லாச் சம்பளச் சீட்டையும், வரிக் கணக்குத் தாளையும், முந்தைய வருடங்களின் ஃபார்ம் 16-ஐயும் சொந்த மெயிலுக்கு எடுத்துவிடுங்கள். கடைசி நாள் மாலை மடிக்கணினியைத் திருப்பிக் கொடுத்த கையோடு கம்பெனி மெயில் போய்விடும், அதோடு சம்பளப் போர்ட்டலும் போகும், அப்புறம் ஒரு சீட்டுக்காக வாரக்கணக்கில் மெயில் அனுப்பிக்கொண்டிருக்க வேண்டியதுதான். இன்னொரு விஷயம், இதில் மாட்டியவர்கள் நிறைய: வருமான வரிப் போர்ட்டலில் உங்கள் கணக்குக்குக் கம்பெனி மெயிலையோ கம்பெனி கொடுத்த சிம் எண்ணையோ பதிந்திருந்தால் வேலையை விடும் முன் மாற்றிவிடுங்கள். துறையிலிருந்து வரும் கடிதங்கள் எல்லாம் யாரும் பார்க்காத பெட்டிக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கும்.

வேலை போய் நடுவில் சில மாதம் சும்மா இருந்தவர்களுக்குக் கதை தலைகீழ். மாதம் 2 லட்சம் வாங்கியவருக்குப் பழைய கம்பெனி வருடம் 24 லட்சம் என்று வைத்து மாதம் 24,375 பிடித்திருக்கும். ஐந்து மாதத்தோடு வேலை போய், ஜனவரியில் 1,20,000-க்கு வேறு இடத்தில் சேர்ந்தார் என்றால் அவர் வருட வருமானம் 13,60,000 மட்டும், வரி 75,660. பிடித்ததோ 1,21,875. திரும்ப வர வேண்டிய 46,215-ஐப் புது கம்பெனியால் தர முடியாது, ரிட்டர்ன் போட்டு ரீஃபண்டாகத்தான் வாங்க வேண்டும். இவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான், ஃபார்ம் 16 வந்ததும் முதல் ஆளாக ரிட்டர்ன் போட்டு அன்றே இ-வெரிஃபை செய்துவிடுங்கள். வேலையில்லாமல் இருந்த மாதங்களில் வாங்கிய கடனை அடைக்க அந்தப் பணம் உதவும்.

எந்த வழியில் போனாலும் ஜூலையில் இரண்டு ஃபார்ம் 16-ஐயும் பக்கத்தில் வைத்துத்தான் ரிட்டர்ன் போட வேண்டும். 12பி கொடுத்தவர்கள் இங்கே ஒரு குழியைப் பார்த்து நடக்க வேண்டும். புது கம்பெனி தரும் ஃபார்ம் 16-இன் பகுதி பி-யில், வேறு இடத்தில் வாங்கிய சம்பளம் என்று ஒரு வரியில் பழைய சம்பளமும் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். அதைக் கவனிக்காமல் மொத்தத்தை எடுத்துப் பழைய ஃபார்ம் 16-ஐயும் கூட்டினால் பழைய இடத்தில் வாங்கிய ஐந்து லட்சம் பத்து லட்சமாகிவிடும். டிடிஎஸ்-க்கு அப்படி இல்லை, அவரவர் பிடித்தது அவரவர் பகுதி ஏ-யில் மட்டும் இருக்கும், அதை இரண்டு வரியாகத்தான் போட வேண்டும். பழைய கம்பெனி ஒன்றுமே பிடிக்காதிருந்தால் அவர்கள் ஃபார்ம் 16 தராமலும் விடலாம், வரி பிடித்தால்தான் அந்தச் சான்றிதழ் கட்டாயம். அப்போது சம்பளச் சீட்டுகள்தான் ஆதாரம்.

எண்களைச் சரிபார்க்க 26ஏஎஸ்-ஐயும் (உங்கள் பான் எண்ணில் கட்டப்பட்ட வரியின் பட்டியல்) ஏஐஎஸ்-ஐயும் (உங்கள் வருமானம் பற்றித் துறையிடம் உள்ள விவரம்) வருமான வரிப் போர்ட்டலிலிருந்து இறக்கிப் பாருங்கள். ஏஐஎஸ் பிடிஎஃப் திறக்கவில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பான் எண்ணைச் சின்ன எழுத்தில் அடித்து, இடைவெளி இல்லாமல் பிறந்த தேதி, மாதம், வருடத்தைச் சேர்த்தால் அதுதான் கடவுச்சொல். சம்பளச் சீட்டில் டிடிஎஸ் பிடித்ததாக இருந்து 26ஏஎஸ்-இல் வரவில்லை என்றால் பழைய கம்பெனி அதை அரசுக்குக் கட்டவில்லை, அல்லது உங்கள் பான் எண்ணைத் தப்பாகப் போட்டுவிட்டது. உடனே எழுத்தில் கேளுங்கள். சம்பளத்தில் பிடித்துவிட்ட வரியை ஊழியரிடம் மறுபடி வசூலிக்கக் கூடாது என்று 205-ஆம் பிரிவு சொல்கிறது, 2015-லும் 2016-லும் நேரடி வரிகள் வாரியமும் தன் அதிகாரிகளுக்கு அதை எழுதி அனுப்பியிருக்கிறது. ஆனால் உங்களிடம் பிடித்தார்கள் என்று காட்டச் சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கும் வேண்டும், மறுபடி அந்தக் கடைசி வாரத்துக்கே வருகிறோம்.

செட்டில்மெண்டில் எடுக்காத விடுப்புக்குப் பணம் தந்திருந்தால் அதையும் ஒரு பார்வை பாருங்கள். தனியார் ஊழியர் வேலையை விடும்போது கிடைக்கும் விடுப்புப் பணத்துக்கு, வாழ்நாள் முழுக்கச் சேர்த்து 25 லட்சம் வரை, சில வரம்புகளுக்குள் விலக்கு உண்டு. ராஜினாமா செய்தவருக்கும் இது பொருந்தும், புதிய வரி முறையிலும் கிடைக்கும். சில கம்பெனிகள் அதை முழுசாக வரிக்குரிய சம்பளமாகப் போட்டுவிடுகின்றன, ரிட்டர்னில் நாம் கேட்டால்தான் கிடைக்கும். சும்மா வந்த சலுகை இல்லை இது, லீவு எடுக்காமல் வேலை பார்த்த நாட்களின் பணம், விட்டுவிடாதீர்கள்.

பழைய முறையா புதிய முறையா என்று இரண்டு கம்பெனியிலும் வேறு வேறாகச் சொல்லியிருந்தால் பயப்பட வேண்டாம். தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரர் ரிட்டர்ன் போடும்போது எது லாபமோ அதைத் தேர்ந்துகொள்ளலாம், பழைய முறை வேண்டுமென்றால் மட்டும் கெடு தேதிக்குள் போட்டாக வேண்டும். வீட்டு வாடகைக் கழிவு, 80சி எல்லாம் பழைய முறையில்தான் என்பதால், நான் செய்ததுபோல ஒரே ரசீதை இரண்டு இடத்தில் கொடுத்திருந்தால் ரிட்டர்னில் ஒரு தடவைதான் வரும். அதற்கான வரி வித்தியாசத்தையும் இப்போதே எடுத்து வையுங்கள்.

ஆடிட்டரிடம் போவதா நாமே போடுவதா என்றும் தம்பி கேட்டான். இரண்டு சம்பளமும் கொஞ்சம் வங்கி வட்டியும் மட்டும், வருமானம் 50 லட்சத்துக்குள் என்றால் ஐடிஆர்-1 என்ற எளிய ரிட்டர்ன் படிவம் போதும், இரண்டு ஃபார்ம் 16 இருப்பதால் பெரிய படிவத்துக்குப் போக வேண்டியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும், நாமே போடலாம். பங்குகளை அடிக்கடி வாங்கி விற்பவர்கள், வெளிநாட்டுக் கம்பெனிப் பங்குகள் கையில் இருப்பவர்கள், வீடு விற்றவர்கள் நல்ல ஆடிட்டரிடம் போய்விடுங்கள், அந்தக் கட்டணம் வீண் இல்லை. போகக் கூடாத இடம் ஒன்று உண்டு. "எவ்வளவு டிடிஎஸ் பிடித்திருந்தாலும் ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன், வருவதில் எனக்கு இத்தனை சதவீதம்" என்று சொல்லும் ஆட்கள். கொடுக்காத கட்சி நன்கொடையையும் இல்லாத வாடகையையும் எழுதிவிட்டுப் போவார்கள், நோட்டீஸ் வருவது உங்கள் பெயருக்கு. 2025 ஜூலை 14 அன்று வருமான வரித் துறை நாடு முழுக்க 150 இடங்களில் சோதனை நடத்தியது இப்படிப் பொய்க் கழிவு எழுதித் தருபவர்களைத் தேடித்தான், அதில் தமிழ்நாடும் இருந்தது.

பிஎஃப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஐந்து வருடம் முடியாமல் எடுத்தால் அந்தப் பணம் வரிக்குள் வரும், 50,000 அல்லது அதற்குமேல் என்றால் பான் கொடுத்திருந்தாலும் 10 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். வேலை மாறிய வருடத்தில், ஏற்கெனவே ஏறிப்போன வருமானத்தின் மேல் இது வேறு வந்து சேரும். புது கணக்குக்கு மாற்றிவிட்டால் பழைய சர்வீஸும் சேர்ந்து எண்ணப்படும். மாற்றுங்கள், அவ்வளவுதான்.

இங்கே சொன்ன கணக்கெல்லாம் 2025-26 வருமானத்துக்கு. 2026 ஏப்ரல் 1 முதல் கிடைக்கும் சம்பளத்துக்குப் புதிய வருமான வரிச் சட்டம்தான் பொருந்தும், அதில் பிரிவு எண்களும் படிவ எண்களும் வேறு. ஆனால் முந்தைய கம்பெனியின் சம்பளத்தைப் புது கம்பெனியிடம் சொல்லிச் சேர்த்துப் பிடிக்கச் செய்யும் வழி அதிலும் இருக்கிறது.

தீபாவளி முடிந்து போனதும் தம்பி ஹெச்ஆரிடம் பேசினான். அக்டோபர் சம்பளக் கணக்கு மூடியாகிவிட்டது என்றார்கள், நவம்பரில் சேர்த்தார்கள். மீதி ஐந்து மாதத்துக்கு மாதம் 17,628. நவம்பர் சீட்டைப் பார்த்துவிட்டுச் சித்தி எனக்குப் போன் செய்து, "என்னப்பா, நீ சொல்லித்தான் அவன் சம்பளத்துல இவ்வளவு பிடிக்கிறாங்களாமே" என்றார்கள். கணக்கை முதலிலிருந்து சொன்னேன், 96,000 என்றதும் அமைதியாகிவிட்டார்கள். டிசம்பர் கடைசியில் பழைய கம்பெனியின் செட்டில்மெண்ட் வந்தது, அதில் நிலுவையில் இருந்த ஊக்கத்தொகை 30,000. இந்தத் தடவை என்னைக் கேட்காமலே போர்ட்டலில் பழைய வருமானத்தை 5,70,000 என்று திருத்திவிட்டு, எனக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் மட்டும் அனுப்பினான். கூடுதல் வரி 4,680, ஜனவரி முதல் மூன்று மாதம் 1,560 வீதம், அந்தச் சீட்டில் 19,188 என்று இருந்தது.